என் மனைவி சொன்ன இடங்கள்

ஆங்கிலத்தின் முன்னிடைச்சொற்களை எண்ணி முடித்துவிடுவது என்று நான் தீர்மானித்தபோது எனக்கு வயது நாற்பத்தாறு. இன், ஆன், அண்டர், அவற்றோடு ஒட்டிக்கொண்டு வரும் சொற்கள், எல்லாம். கல்லூரியில் எங்கள் துறைத்தலைவர் நாற்காலி காலியாகப் போகிறது. நல்ல ஆய்வுக்கட்டுரை வைத்திருப்பவருக்கு அது கிடைக்கும். அடுத்த வாரத் திங்கட்கிழமை கடைசி நாள்.

பாதி முடிந்திருந்தது. அறிஞர்களின் ஆங்கிலத்தைப் புத்தகங்களிலிருந்தே எடுத்துவிட்டேன். 'ஆன் த பேஸிஸ் ஆஃப்', 'இன் த லைட் ஆஃப்'. அங்கே எதுவும் எதன்மேலும் இருக்காது. வெளிச்சம் இருக்கும், விளக்கு இருக்காது. மறுபாதி அன்றாட ஆங்கிலம். அதற்குப் பேசுகிற ஆள் வேண்டும். பதிவாகிறது என்று தெரியாமல் பேச வேண்டும். தெரிந்தால் எல்லோரும் அறிஞராகிவிடுகிறார்கள்.

ஆள் வீட்டிலேயே இருந்தாள். என் மனைவி ஒரு ரயில் நிறுவனத்தில் தொலைந்த பொருள்களைத் தேடிக்கொடுக்கும் பிரிவில் வேலை பார்க்கிறாள். வீட்டுப் பின்னறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, குடையையும் கண்ணாடியையும் தொலைத்தவர்களிடம் நாள் முழுக்க ஆங்கிலத்தில் கேட்பாள். சீட்டுக்கு அடியிலா, இரண்டு பெட்டிகளுக்கு நடுவிலா, கோட்டுப் பையிலா. பன்னிரண்டு வருடமாக.

ஒரே ஒரு இடைஞ்சல். பேசியவரின் சம்மதக் கடிதம் இல்லாமல் கட்டுரையை ஏற்கமாட்டார்கள். கேட்டால் அவளுக்குத் தெரிந்துவிடும். அதனால் அவள் கையெழுத்தை நானே போட்டேன். பதினெட்டு வருடமாக எனக்காக எத்தனையோ விஷயங்களை அவள் முடிவுசெய்திருக்கிறாள். பதிலுக்கு ஒன்றே ஒன்று.

கடைசி நாளுக்குச் சரியாக ஒரு வாரம் முன்னால், திங்கட்கிழமை காலையில் பதிவுக்கருவியை அவள் அறை அலமாரியில் அகராதிக்குப் பின்னால் வைத்தேன். வீட்டில் யாரும் தொடாத பொருள் அது. மாலையில் எடுத்துப் பதிவைக் கைபேசிக்கு மாற்றிக்கொண்டேன்; மறுநாள் காலை கருவி மீண்டும் அதே இடத்துக்கு. செவ்வாய் மதியம் கல்லூரியில் என் அறையில் உட்கார்ந்து கேட்டேன்.

அருமையான அறுவடை. ஒரு மணி நேரத்தில் நூற்றுப்பத்துத் தொடர்கள். பிறகு வாடிக்கையாளர் அழைப்புகள் நின்றன. அவள் குரல் மட்டும் தாழ்வாக வந்தது.

"ஆன் த செகண்ட் ஃப்ளோர்."

யாருக்கோ பதில் என்று நினைத்து எண்ணிக்கையில் ஒரு கோடு போட்டேன்.

"அட் த எண்ட் ஆஃப் த காரிடார். ஆன் த சேர் பை த விண்டோ."

என் அறை இரண்டாவது மாடியில், நடைக்கூடத்தின் கோடியில். நாற்காலி ஜன்னலோரம்.

"வித் ஹிஸ் ஷூஸ் ஆஃப்."

குனிந்து பார்த்தேன். ஷூ மேஜைக்கு அடியில் கிடந்தது. அவள் பேசியது நேற்று. நான் ஷூவைக் கழற்றியது பத்து நிமிடத்துக்கு முன்னால்.

இரண்டு கால்களையும் ஷூவுக்குள் திணித்துக்கொண்டேன். ஆனாலும் அந்தத் தொடரை எண்ணிக்கையில் சேர்த்தேன். அறிவுக்கு அச்சம் கிடையாது.

புதன்கிழமை அறைக்குப் போகவில்லை. நூலகப் படிக்கட்டுக்கு அடியில் பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு நடுவே, சுவரில் சாய்ந்துகொண்டு செவ்வாய்ப் பதிவைக் கேட்டேன். யாரோ தொப்பியைத் தொலைத்திருந்தார். யாரோ பல்செட்டை. அப்புறம் அதே தாழ்ந்த குரல்.

"நாட் இன் ஹிஸ் ரூம் டுடே. அண்டர்..."

நம் மொழியில் முதலில் பொருள் வரும், பிறகுதான் 'அடியில்'. ஆங்கிலத்தில் 'அடியில்' முதலில் வந்துவிடுகிறது. எதற்கு அடியில் என்று தெரிவதற்குள் ஒரு மனிதன் எத்தனை பொருள்களுக்கு அடியில் கிடந்து பார்க்க வேண்டியிருக்கிறது என்பதை எந்த இலக்கணப் புத்தகமும் சொல்லவில்லை.

"...த ஸ்டேர்ஸ்."

அன்று மாலை வீட்டில் அவள் எப்போதும்போல் துணி மடித்துக்கொண்டிருந்தாள். முகம் ஏன் வெளுத்திருக்கிறது என்று விசாரித்தாள். வெயில் என்றேன். காலையிலிருந்து மழை பெய்கிறது என்றாள்.

வியாழக்கிழமை கல்லூரியில் கேட்ட புதன்கிழமைப் பதிவில் வாடிக்கையாளர்களே இல்லை. வெறும் அறையின் சத்தம். கடிகாரம். எங்கோ ஒரு குழாய். நாற்பது நிமிடம் அப்படியே போனது. பிறகு, காதுக்கு மிக அருகில்:

"இன் த பிரவுன் ஃபைல். அண்டர் த லாஸ்ட் பேஜ்."

அவ்வளவுதான். பழுப்புக் கோப்பு என் மடியில் இருந்தது. கடைசித் தாளுக்கு அடியில் சம்மதக் கடிதம். அதில் அவள் பெயர், என் கையெழுத்தில்.

பதிவை அழித்தேன். இரண்டு வகுப்புகளை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். பின்னறையில் அவள் ஹெட்போனைக் கழற்றுவதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கருவி, கடிதம், கையெழுத்து, நாற்காலி ஆசை.

அவள் நிதானமாகக் கேட்டுக்கொண்டாள். அகராதிமேல் தூசி இல்லாததை முதல் நாளே பார்த்துவிட்டாளாம்.

"ஷூ கழற்றினது எப்படித் தெரியும்?"

"ஆளில்லாத இடத்துல உட்கார்ந்தா பத்து நிமிஷத்துல கழற்றிடுவீங்க. சாக்ஸ்ல ஓட்டை."

"படிக்கட்டு?"

"பயந்தவங்க முதுகுக்குச் சுவர் தேடுவாங்க. உங்க காலேஜ்ல ஆள் வராத சுவர் அது ஒண்ணுதான்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. பன்னெண்டு வருஷமா இதுதானேங்க என் வேலை? குடையாவது தானா நடக்காது. நீங்க நடக்கறீங்க, அதுவும் ஒரே தடத்துல."

எனக்கு மூச்சு வந்தது. "அந்தப் பழுப்புக் கோப்பு?"

"எந்தக் கோப்பு?"

"நேற்றுச் சொன்னாயே. கடைசித் தாளுக்கு அடியில் என்று."

"நேத்து எனக்கு லீவுங்க. காலையில உங்களுக்கு முன்னாடியே கிளம்பி தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டேன். நீங்கதானே வீட்டைப் பூட்டினீங்க?"

பூட்டினேன். வேலை நேரத்துக்குள் திரும்பிவிடுவாள் என்று கருவியை வைத்துவிட்டுத்தான் பூட்டினேன். மதியம் திரும்பிவந்து சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும். சரிபார்க்கப் பதிவு இல்லை. அவள் முகத்தில் எதுவும் இல்லை.

"கடிதம்னு ஒண்ணு சொன்னீங்களே," என்றாள். "கொடுங்க."

கொடுத்தேன். நான்காகக் கிழித்தாள். புதிதாக ஒன்றில் உண்மையான கையெழுத்தைப் போட்டுத் தருவதாகச் சொன்னாள். அதற்கு ஒரு நிபந்தனை. நான் மறுக்கும் நிலையில் இல்லை. பின்னறை அலமாரிப் பக்கம் பார்க்கும் நிலையிலும் இல்லை.

கட்டுரை திங்கட்கிழமையே போய்ச் சேர்ந்தது. நேற்று அச்சாகி வந்தது. மேலே அவள் பெயர். கீழே, சிறிய எழுத்தில், 'வித் த ஹெல்ப் ஆஃப் ஹர் ஹஸ்பண்ட்'.

அறிஞர்களின் ஆங்கிலம் என்ற பட்டியலில் அதையும் சேர்த்துக்கொண்டேன்.