பத்துக்கு நாலு

மனைவியைத் தேர்வில் தோற்கடித்தே தீருவது என்று கணக்கு வாத்தியார் முடிவு கட்டினார்.

அவள் தீவிர சிகிச்சைப் பிரிவில் டாக்டர். நிபுணர் பட்டத்துக்கான எழுத்துத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். தேறினால் வேறு ஊரில் பெரிய வேலை. அங்கே போனால் வாத்தியார் யார்? டாக்டரம்மா வீட்டுக்காரர்! தெருவே 'சார்' என்று கும்பிட்ட மனிதருக்கு நினைத்தாலே வயிறு எரிந்தது.

"பதில் எழுதிப் பழகணும். திருத்தத்தான் ஆள் இல்லை" என்றாள் ஒருநாள்.

"நான் எதுக்கு இருக்கேன்?"

"உங்களுக்கு மருத்துவம் தெரியாதேங்க?"

"மாதிரி விடைப் புத்தகம் இருக்குல்ல? ஒப்பிட்டு மார்க் போடத் தெரியாதா எனக்கு?"

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. தினமும் சாயங்காலம் அவள் தாள்களை நீட்டுவாள். அவர் சிவப்புப் பேனாவோடு உட்காருவார். சுவாசக் கருவிக்கும் மின்விசிறிக்கும் வித்தியாசம் தெரியாதவர்தான். பத்துக்கு மூன்று போடத் தெரியும். தாராளம் வந்தால் நாலு. ஓரத்தில் 'ஆழம் போதாது' என்று ஒரு கிறுக்கல். மாதிரி விடைப் புத்தகத்தை அவர் திறக்கவே இல்லை.

"இந்த வருஷம் விட்டுடேன். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவள் முகம் வாடும். "நாளைக்கு இன்னும் நல்லா எழுதறேங்க" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அவருக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. உறுத்தலுக்கெல்லாம் அவர் மார்க் போடுவதில்லை.

முடிவு வந்தது. முதல் முயற்சியிலேயே தேறிவிட்டாள்.

"எப்படி?" என்றார் வாத்தியார். "நான் நாலுக்கு மேல போட்டதே இல்லையே!"

"மாதிரி விடைக்கும் நாலுதான் போட்டீங்க. முதல் வாரமே எழுத்து மாறாம காப்பியடிச்சுக் கொடுத்துப் பார்த்தேன்."

"அப்புறம் ஏன் தினமும் கொடுத்தே?"

"திருத்துற நேரம்தான் டிவி ஓடாது. அது எங்கே, இது எங்கேன்னு கூப்பிட மாட்டீங்க. நிம்மதியா படிச்சேன்."

வாத்தியார் அசடு வழியச் சிரித்தார். வேறென்ன செய்வது?

"சரி, போனது போகட்டும். அங்கே நமக்கு வீடு பெரிசா கொடுப்பாங்களா?"

அவள் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஒரு ஆளுக்கான அறை போதும்னு சொல்லிட்டேன். அந்த நாலு மார்க்கைப் பார்த்த அன்னிக்கே முடிவு பண்ணினது."