பெஞ்சில் போன கடைசிப் பிரசவம்

மைக்கைக் கையில் வாங்கிய மனிதன், பேச வந்த விஷயத்தை மட்டும் பேசிவிட்டு இறங்கியதாகச் சரித்திரமே கிடையாது. இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. ஆறாம் வகுப்பு வாசலை மிதிக்காதவன் நான். ஆனால் அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றிலும் முழங்கியது என் மைக் செட்தான். (இன்றைக்கு இரண்டு குடோன், மூன்று வேன். யாரை வேண்டுமானாலும் விசாரியுங்கள்.) அப்படிப்பட்ட நான் கவிழ்ந்த கதை இது. நானே சொல்லிவிடுகிறேன். என் மனைவி மேரி சொன்னால் இன்னும் கேவலமாக இருக்கும்.

எண்பதுகளின் கடைசி. அயனம்பாக்கம் ஏரிக்கரையை ஒட்டி எங்கள் காலனி. ஆஸ்பத்திரி கிடையாது, நர்ஸ் கிடையாது. மழை வந்தால் வண்டியும் உள்ளே வராது. யாருக்காவது பிரசவ வலி எடுத்தால், சர்ச்சிலிருந்து நீள பெஞ்சை எடுத்து வந்து படுக்க வைத்து, நாலு பேர் மெயின் ரோடு வரை சேற்றில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். எங்கள் மூத்தவன் பாதி வழியில் பெஞ்சிலேயே பிறந்தவன். இப்போது மேரிக்கு மறுபடியும் ஏழாம் மாதம்.

"இன்னொரு வாட்டி என்னால அந்த பெஞ்சுல போவ முடியாதுய்யா. செத்துருவேன்" என்றாள்.

எங்கள் போதகர் சும்மா இருக்கவில்லை. நர்ஸோடு ஒரு துணை சுகாதார நிலையம் வேண்டும் என்று சபையார் சார்பில் மனு மேல் மனு போட்டு, ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். கடைசியில் சுகாதாரத் துறை அதிகாரி ஒருவர், நேரில் வந்து ஜனங்களின் கஷ்டத்தைக் கேட்கிறேன் என்றார். பேசப் போகிறவர்களைத் தயார் செய்யும் பொறுப்பு எனக்கு வந்தது. (மைக் என்னுடையதாச்சே!)

எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்வார்கள். எழுந்து நின்று, வந்த கஷ்டத்தைச் சொல்லி, ஆண்டவர் அதைத் தீர்த்ததைச் சொல்லி, 'ஸ்தோத்திரம்' என்று முடிக்க வேண்டும். மைக்கில் பேச எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். அதையே எல்லோருக்கும் பழக்கினேன்.

"மூக்கச் சிந்திக்கினு நிக்கக் கூடாது, சபை மானம் பூடும். எல்லாரும் கிறிஸ்மஸ் துணியக் கட்டிக்கினு வாங்க!"

"ஏன்யா, கஷ்டத்தக் கேக்க வர்றவரு முன்னால பட்டுப் பொடவையா?" என்றாள் மேரி.

"உனக்கு இன்னா தெரியும்? நான் எத்தினி கூட்டம் பாத்தவன்!"

ஐப்பசி மாதம்தான். அன்றைக்கென்று சுள்ளென்று வெயில். அதிகாரியின் ஜீப் சொகுசாக சர்ச் வாசலுக்கே வந்து நின்றது. உள்ளே பட்டும் சரிகையுமாகக் கூட்டம். முதலில் எஸ்தரம்மா.

"காய்ச்சல்ல கெடந்தேன் சார். கண்ணு சொருவிடுச்சு. தூக்கிக்கினு போக ஆளில்ல."

அதிகாரி பரபரவென்று எழுதினார். "அப்புறம்?"

"ஆண்டவர் தொட்டாரு சார். இப்ப ஒரே கையில கொடம் தண்ணி தூக்கறேன். ஸ்தோத்திரம்!"

"ஸ்தோத்திரம்!" என்றது சபை. அதிகாரியின் பேனா நின்றது.

அடுத்து, ஆவடி ஃபேக்டரியில் வேலை பார்க்கும் தாவீது. "காலு யான காலாட்டம் வீங்கிடுச்சு சார். ஜெபம் பண்ணேன். இப்ப சைக்கிள்லயே ஆவடி போய் வர்றேன். ஸ்தோத்திரம்!"

இப்படியே வரிசையாகக் குணமானார்கள். அதிகாரி பேனாவை மூடினார். "எல்லாரும் நல்லாத்தானே இருக்கீங்க? இங்க எதுக்கு நர்ஸ்?"

போதகர் என்னைப் பார்த்தார். மேரி வயிற்றைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். அந்த பெஞ்சைக் காட்டி நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். கையில் மைக் இருந்ததே, என்ன செய்ய?

"சார், எங்க ஜனமே அப்பிடி! என்னையே பாருங்க. இந்த ஒடம்பு ஒரு மாத்திரை கண்டதில்ல. உங்கள நாற்காலியோட தூக்கிக் காட்டட்டுமா?"

"வேண்டாம்" என்றார். மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மைக்கை இடுப்பில் செருகிக்கொண்டு தூக்கினேன். முழங்கால் உயரம் வரை வந்தார். அப்போது என் இடுப்பில் 'சடக்' என்று ஒரு சத்தம். அதை ஏரிக்கரை முழுக்க ஒலிபரப்பியது என் மைக். (அவ்வளவு துல்லியமான செட்.) அதிகாரி தரையில் விழுந்தார். நான் ரிக்‌ஷாக்காரன் மாதிரி குனிந்த வாக்கிலேயே நின்று அலறினேன்.

"ஸ்தோத்திரம் சொல்லேன்யா" என்றாள் மேரி.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. ஜீப் அரை அடி நகர்ந்து சேற்றில் புதைந்தது. வேறு வழி? பெஞ்ச் வந்தது. என்னைக் குப்புறப் போட்டுத் தூக்கினார்கள். பழக்கதோஷம், "மூச்ச இழுத்து வுடு! இன்னும் கொஞ்ச தூரந்தான்!" என்று தைரியம் வேறு சொன்னார்கள். பாதி வழியில் ஒருவன் வழுக்கி விழ, பெஞ்சின் அந்தக் காலைப் பிடிக்க ஆளில்லாமல் அதிகாரியே தோள் கொடுத்தார். முழங்கால் வரை சேறு. ஒரு செருப்பு போயே போய்விட்டது.

"பிரசவத்துக்கும்... இப்படித்தான் தூக்கிட்டுப் போவீங்களா?" என்று மூச்சு வாங்கக் கேட்டார்.

"ஆமா சார்" என்றான் தாவீது. "ஆனா பொம்பளைங்க இவ்ளோ கத்த மாட்டாங்க."

பின்னால் குடையோடு வந்துகொண்டிருந்த மேரி சொன்னாள்: "அடுத்தது நான்தான் சார். ஏழாம் மாசம்."

அதிகாரி திரும்பி அவள் வயிற்றைப் பார்த்தார். அப்புறம் பெஞ்சைப் பார்த்தார்.

சுகாதார நிலையத்துக்குக் கட்டடம் மெதுவாகத்தான் வந்தது. ஆனால் சர்ச்சை ஒட்டிய அறைக்கு நர்ஸம்மா உடனே வந்துவிட்டார். எங்கள் மகள் அங்கே கட்டிலில், காய்ந்த தரைக்கு மேலே, ஜம்மென்று பிறந்தாள். அந்த நர்ஸ் என்னால் வந்தவர் என்று இன்றைக்கும் எங்கே வேண்டுமானாலும் மார்தட்டுவேன்.

என் மகளும் அதைத்தான் சொல்கிறாள், வேறு மாதிரி. அவளைப் பெண் பார்க்க வந்த இடத்திலேயே ஆரம்பித்துவிட்டாள்: "எங்க காலனியில பெஞ்சுல போன கடைசிப் பிரசவம் எங்க நைனாதான்."

மாப்பிள்ளையின் அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ரொம்ப மரியாதையாக என்னிடம் கேட்டார்: "சுகப்பிரசவங்களா?"

அன்றிலிருந்து சம்பந்தி வீட்டில் எனக்கு உட்கார நாற்காலி போடுவதில்லை. பெஞ்ச்தான் போடுகிறார்கள்.