கச்சான் காற்றும் என் சுட்டுவிரலும்

மூக்கால் இரத்தம் வந்தால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். சூடு, பிரஷர், கண்ணூறு. விரலை மட்டும் ஒருவரும் சொல்லமாட்டார்கள். எனக்கு அந்த வெட்கம் போய்விட்டது. எப்படிப் போனது என்பதைச் சொல்கிறேன்.

ரமணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். இருவரும் விரும்பியிருந்தோம். அவருடைய தாய்க்குத்தான் சந்தேகம்: பெட்டை மெலிவு, ஏதும் நோய் வருத்தம் இருக்குமோ? ஒருநாள் மாமி நேரில் பார்க்க மகனோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். திருகோணமலையில் கச்சான் காற்று வீசுகிற காலம். அந்தச் சுடுகாற்றுக்கு உதடு வெடிக்கும், கொடியில் போட்ட சீலை அப்பளமாகும், மூக்குக்குள் பொருக்குக் கட்டும். (கட்டினால் சும்மா இருக்க வேண்டும். நான் இருக்கவில்லை. அலுமாரிக் கண்ணாடியைப் பார்த்து வேலையை முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.)

தேத்தண்ணித் தட்டோடு மாமிக்கு முன்னால் குனிந்தேன். ஒரு துளி விழுந்தது. பிறகு குழாய் திறந்ததுபோலக் கொட்டியது.

என் அம்மா ஓடிவந்து, என்னைக் கதிரையில் அமுக்கி, தலையைப் பின்னுக்குச் சாய்த்துப் பிடித்தார். அதுதான் பிழை. இரத்தம் தொண்டைக்குள் இறங்கியது. புரையேறி இருமினேன். மஞ்சள் சீலை சிவப்பாகியது. மாமி கண்டது, வாயால் இரத்தம் கக்குகிற ஒருத்தியை.

அவர் எழும்பி வாசல் பக்கம் போய் மகனிடம் மெல்லச் சொன்னார்.

"தம்பி, இது காசம்போல கிடக்கு. வா, போவம்."

ரமணனுக்குக் கப்பலிலிருந்து எவ்வளவு பாரமும் இறக்கத் தெரியும். தாய்க்கு முன்னால் வாய் திறக்கத் தெரியாது. அம்மாவோ வெயில், பித்தம், பட்டினி என்று அடுக்கினார். அவர் அடுக்க அடுக்க நான் இன்னும் பெரிய நோயாளியானேன்.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. ஒரு பொருக்குக்காக இந்த மனுசனை விட ஏலாது. அம்மாவின் கையைத் தட்டிவிட்டு நிமிர்ந்தேன்.

"மாமி, எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மூக்கைத் தோண்டினனான். அவ்வளவுதான்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். மாமி வாசலிலிருந்து திரும்பி வந்தார்.

"எந்த விரல்?"

காட்டினேன். நகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். (மாமிக்குச் சாட்சி வேண்டும்.) பிறகு என் தலையை முன்னுக்குக் குனியவைத்து, மூக்கின் மெத்தென்ற பகுதியைத் தன் கையாலேயே இறுக்கிப் பிடித்தார். இரத்தம் நின்ற பிறகுதான் விட்டார்.

"கலியாணத்துக்கு முதல் இந்த நகத்தை ஒட்ட வெட்டு" என்றார்.

எங்கள் கலியாண அல்பத்தில் ஒரு படத்திலும் ரமணன் என் வலது கையை விடவில்லை. பார்க்கிறவர்கள் என்ன அன்பு என்று உருகுவார்கள். மாமி பக்கத்தில் இருந்தால் அதற்கு இடம் கொடுக்கமாட்டார்.

"அன்புமில்லை, ஒண்டுமில்லை பிள்ளை. விட்டால் கை மூக்குக்குப் போயிடும் எண்டு நான்தான் பிடிக்கச் சொன்னனான்."