தகப்பன் பேர் தெரியாத கிளப்

பீடம் வந்துவிட்டது. அதன்மேல் நிறுத்துவதற்குத்தான் ஆள் கிடைக்கவில்லை.

வெள்ளைப் பளிங்குப் பீடம். 'எங்கள் கிளப்பின் தந்தை' என்று தங்க எழுத்தில் வெட்டி, கீழே பெயருக்கு இடம் விட்டிருந்தார்கள். கப்பலிலிருந்து இறங்கிய கையோடு அதை மைதான வாசலில் நட்டுவிட்டார் தலைவர் ஸ்டாவ்ரகாஸ். ஹோட்டல் முதலாளி. முதலில் திறப்பு விழாவுக்கு நாள் குறித்துவிட்டு, அப்புறம் கட்டடம் கட்டிப் பழகியவர்.

"தந்தை எங்கய்யா?" என்று செயலாளர் ப்ரோகோபிஸைக் கேட்டார்.

"தேடிட்டிருக்கேன் தலைவரே."

"ஸ்கினாரிக்காரன் ஆட வர்ற அன்னிக்குத் திறப்பு விழா. மந்திரிக்கும் சொல்லியாச்சு. அதுக்குள்ள தந்தை வரலன்னா, புதுச் செயலாளர் வருவாரு."

ப்ரோகோபிஸ் மருந்துக்கடைக்காரர். பெட்ரூசா என்ற கிரேக்கத் தீவின் 'கிளாவ்கோஸ்' கால்பந்து கிளப் தொழில்முறை லீக்குக்கு ஏறிய நாளிலிருந்து அதன் வரலாற்றை எழுதிவந்தார். போர்க்காலம், நிலநடுக்கம், கோல்கீப்பர் கல்யாணத்தால் தள்ளிப்போன இறுதியாட்டம், எல்லாம் எழுதியாகிவிட்டது. முதல் அத்தியாயம் மட்டும் காலி. கிளப்பை ஆரம்பித்தது யார் என்று யாருக்கும் தெரியவில்லை.

இது எதிர்த்தீவான ஸ்கினாரியின் ரசிகர்களுக்குத் தெரிந்துபோனதுதான் வினை. ஒவ்வொரு ஆட்டத்திலும் மேளம் தட்டிப் பாடினார்கள்: "அப்பன் பேர் தெரியாத கிளப்பே, அம்மாகிட்ட கேட்டியா?" போன தடவை தோற்றுத் திரும்பும்போது, கப்பலில் காபி கொடுத்தவன்கூட அதே மெட்டில் சீட்டியடித்தான். ப்ரோகோபிஸ் காபியைக் கடலில் கொட்டினார். தந்தையைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று அன்றே தீர்மானித்தார்.

"காணாமப் போனதக் கண்டுபிடிக்கத்தான் நம்ம புனிதர் ஃபனூரியோஸ் இருக்காரே, நீ ஏன் அலையற?" என்றாள் மனைவி எவாந்தியா.

சாவியோ, ஆடோ, புருஷனோ காணாமல் போனால், புனிதர் பேரைச் சொல்லி ஒரு கேக் சுட்டு அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பது தீவு வழக்கம். எவாந்தியா கிளப்பின் தந்தைக்காக ஒன்று சுட்டாள். மறுநாளே முடிதிருத்தும் கடையில் பழைய கண்ணாடியைக் கழற்றியபோது, பின்னாலிருந்து ஒரு புகைப்படம் விழுந்தது.

கோடு போட்ட சட்டையில் பதினொரு பேர். நடுவில் பந்தின்மேல் கால் வைத்து நிற்கும் ஒரு மீசைக்காரர். பின்னால் பெட்ரூசாவின் மணிக்கூண்டு. சந்தேகத்துக்கே இடமில்லை, இதே மைதானம்.

"இவர்தான்," என்றார் ப்ரோகோபிஸ்.

எவாந்தியா படத்தைக் கண்ணருகே கொண்டுபோனாள். "தாடையில இவ்வளவு பெரிய குழி விழுந்த ஆள நம்ம தீவுல நான் பாத்ததே இல்லையே."

"பந்து பட்டிருக்கும்."

தந்தை கிடைத்துவிட்டார். பெயர் கிடைக்கவில்லை. ப்ரோகோபிஸ் படத்தைக் காபிக்கடைச் சுவரில் மாட்டி, தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார். அதுதான் தப்பு.

"எங்க தாத்தா ஃபனூரிஸ்," என்றார் ரொட்டிக்கடைக்காரர். "மூக்கப் பாருங்க."

"மூக்கு கிடக்கட்டும், காதப் பாருய்யா. எங்க தாத்தா ஃபனூரிஸ்," என்றார் மீன்கடைக்காரர்.

"அந்த மீசை எங்க பரம்பரைச் சொத்து, பிள்ளைகளா," என்றார் பாதிரியார். அவர் தாத்தாவும் ஃபனூரிஸ்தான்.

புனிதரின் பெயரைச் சுருக்கி ஒரு பிள்ளைக்காவது வைக்காத வீடு தீவில் இல்லை. தாத்தா பெயர் பேரனுக்குப் போகும், பேரனிடமிருந்து அவன் பேரனுக்கு. பெட்ரூசாவில் கல்லை விட்டெறிந்தால் ஒரு ஃபனூரிஸ்மேல் விழும். குனிந்து தப்பித்தவனும் ஃபனூரிஸாக இருப்பான்.

அந்த வாரமே ரொட்டிக்கடையில் மீன்கடைக்காரருக்கு ரொட்டி இல்லை. மீன்கடையில் ரொட்டிக்கடைக்காரருக்கு மீன் இல்லை. பாதிரியார் பிரார்த்தனையில் இருவர் பெயரும் இல்லை.

ப்ரோகோபிஸ் அசரவில்லை. "குடும்பப் பேரே வேணாம். பீடத்துல வெறும் 'ஃபனூரிஸ்'னு வெட்டிரலாம். அவங்கவங்க தாத்தான்னு அவங்கவங்க நெனச்சுக்கட்டும்."

நல்ல யோசனைதான். ஆனால் பெயர் பொதுவாகிவிட்டதால் சண்டை முகத்துக்குப் போனது. ஏதென்ஸிலிருந்து சிற்பி தொலைபேசியில் கத்தினார்.

"ஒருத்தர் மூக்க நீட்டுன்னு சொல்றார். ஒருத்தர் காத விரின்னு சொல்றார். நான் செய்யறது மனுஷனா, யானையா?"

"யார் பேச்சையும் கேக்காதீங்க," என்றார் ப்ரோகோபிஸ். "படத்துல இருக்கிறபடி வேணும். ஒரு மயிர் கூடக் கூடாது, குறையக் கூடாது. அந்தத் தாடைக்குழி உட்பட."

உறுதி என்றால் அப்படியொரு உறுதி. அதைக் கேள்விப்பட்ட மூன்று குடும்பங்களும் மருந்துக்கடைக்கு வருவதை நிறுத்தின. ஒரு வாரம் தீவில் எவருக்கும் தலைவலிகூட வரவில்லை. கடைசியில், விழாவில் அவர்களுக்கு முன்வரிசையும், ஆளுக்கொரு மலர்வளையமும் என்று சொல்லிச் சமாதானம் செய்தார். செய்தி பரவி, விழாவன்று முன்வரிசையில் பாதித் தீவு உட்கார்ந்திருந்தது. மந்திரிக்கு நாற்காலி இல்லை. அவர் நின்றார்.

ஸ்கினாரிக்காரர்கள் துறைமுகத்திலிருந்தே பாடிக்கொண்டு வந்தார்கள். மேளம் வாசலை நெருங்கியது. "அப்பன் பேர் தெரியாத கிளப்பே..."

ப்ரோகோபிஸ் தலைவரிடம் குனிந்து, "இப்பத் திறங்க தலைவரே, அவங்க கண்ணு முன்னால," என்றார்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "சகோதரர்களே! இந்த முகத்தில் பெட்ரூசாவின் ரத்தம் ஓடுகிறது. இந்தத் தாடையில் பெட்ரூசாவின் பிடிவாதம் தெரிகிறது. இவர் இல்லாவிட்டால் நாம் இல்லை!" என்று துணியை இழுத்தார்.

வெண்கலம் வெயிலில் மின்னியது. மூக்கு, காது, மீசை, தாடைக்குழி, எல்லாம் படத்தில் இருந்தபடியே. முன்வரிசை முழுக்க ஒரே நேரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டது. பழைய பகையை மறந்து, ரொட்டிக்கடைக்காரர் மீன்கடைக்காரர் தோளில் சாய்ந்தார். பாதிரியார் தூபம் காட்டினார்.

மேளம் நின்றுவிட்டது. பாட்டும் நின்றுவிட்டது. ஸ்கினாரிக் கூட்டம் வாயைத் திறந்தபடி சிலையையே பார்த்தது.

இந்த மௌனத்துக்காகத்தானே ப்ரோகோபிஸ் இத்தனை பாடுபட்டார். எவாந்தியாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "பாத்தியா? வாயடச்சுப் போச்சு."

எவாந்தியா அவரைப் பார்க்கவில்லை. ஸ்கினாரிக் கூட்டத்திலிருந்து விலகி வந்துகொண்டிருந்த ஒரு கிழவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அணியின் சட்டை மூட்டையைச் சுமப்பவர். மூட்டையை இறக்கிவைத்தார். தொப்பியைக் கழற்றினார். சிலையை நெருங்கி, பந்தின்மேல் இருந்த அதன் காலில் முத்தமிட்டார். திரும்பியபோது அவர் கண்களில் நீர். தாடையில், விரல் வைத்தால் புதையும் அளவுக்கு ஒரு குழி.

ப்ரோகோபிஸின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு கிழவர் சொன்னார்: "பேரு மட்டும் மாறிப்போச்சு, பரவால்லீங்க. இதே மைதானத்துல உங்களுக்கு ஏழு கோல் போட்டுட்டு எங்க தாத்தா இப்படித்தான் நின்னு படம் எடுத்துக்கிட்டாராம். எங்க ஊர்க்காரங்களே அவருக்குச் சிலை வைக்கல, உங்களுக்குத்தான் எவ்வளவு பெரிய மனசு."