ஒரு அனு கனத்து ட்ரம்மு

செஞ்சி,
ஆவணி அமாவாசைக்கு மறுநாள்.

பெங்களூரில் படிப்புக்கு மேல் படிப்பு படிக்கும் என் பேத்தி அனுவுக்கு ஆயா அஞ்சலாட்சி எழுதுவது. மேல்மலையனூராள் உன்னை நன்றாக வைக்கட்டும். இங்கே நான் நன்றாக இல்லை. காரணம் நீ.

ஆடி மாதம் போனில், "ஆயா, நான் ட்ரம்மு செஞ்சிருக்கேன். எஃகைவிடக் கெட்டி. ஒரு அணு கனந்தான். அமாவாசைக்கு எடுத்தாறேன்" என்றாய். ரெண்டு சுழியும் மூணு சுழியும் என் காதுக்கு ஒன்றுதான். அனு கனம் என்றால் உன் கனம் என்றுதானே நினைப்பேன்? உன்னைத் தூக்கி வளர்த்த இடுப்பு இன்னும் வலிக்கிறது. அவ்வளவு பெரிய தண்ணீர் ட்ரம் வருகிறதே என்று வாசலில் இருந்த நீல ட்ரம்மை என் ஓரகத்தி செல்லம்மாளுக்குத் தூக்கிக் கொடுத்தேன். உன் நைனா காதுகுத்தில் எனக்கு மட்டும் வடை வைக்காமல் இலை போட்டவள் அவள். அவளுக்கே கொடுக்கிற கை என்று தெரு பார்க்கட்டும் என்று கொடுத்தேன்.

நீ வந்தாய். தெருவே கூடியது. தீப்பெட்டி போல ஒரு டப்பாவைத் திறந்தாய், உள்ளே நகத்துண்டு மாதிரி ஏதோ இருந்தது. "இதுல ஆயிரக்கணக்குல ட்ரம்மு இருக்குது ஆயா. பென்சில் கரிய ஏடு ஏடா உரிச்சிக் கட்டினது. கண்ணுக்குத் தெரியாது" என்றாய். செல்லம்மாள் சும்மா இருப்பாளா? "ஏண்டி அனு, எத்தினி கொடம் புடிக்கும்?" என்றாள். நீ ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். "ஒரு சொட்டு பட்டாலே வீணாப்பூடும் சின்ன ஆயா, இது கரண்டுல அதிர்ற ட்ரம்மு" என்றாய். "அப்ப அடிச்சிக் காட்டு." "சத்தம் காதுக்குக் கேக்காது." ராஜாக்கள் மலை உச்சியிலேயே தண்ணீர் தேக்கிய ஊரில், தண்ணீரும் பிடிக்காத சத்தமும் வராத ட்ரம் எனக்கு! அதன்மேல் ஒரு தூசு உட்கார்ந்தாலும் அதிர்வு மாறுமாம், அதை வைத்துத் தூசுக்கு எடை சொல்லலாமாம். வைக்காத வடையின் கனம் இன்னும் என் நெஞ்சில் இருக்கிறதே, அதை எந்த மிஷினில் எடை போட்டேன்? உன் ட்ரம்மைக் கொண்டுபோய் சுந்தரமூர்த்தி கடைத் தராசில் மாட்டு, ஊருக்காவது உதவும்.

குழாய் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருகிறது. என் வீட்டில் குடமும் குண்டானும் ரொம்பியதும் மிச்சம் தெருவில் ஓடுகிறது. அவள் வாசலில் என் ட்ரம் தளும்புகிறது. அவளிடம் போய்த் திருப்பிக் கேட்பதைவிட நாக்கு வறண்டு கிடப்பேன். நீ விட்டுப்போன டப்பாவை உன் நைனாவிடம் கொடுத்தனுப்புகிறேன். இனி ட்ரம் என்ற பேச்சே வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடு. உன் கனம் குறையாமல் இரு.

ஆயா அஞ்சலாட்சி

பி.கு. டப்பாவை அனுப்பவில்லை. கவரை ஒட்டும்போது செல்லம்மாளே நீல ட்ரம்மை உருட்டிக்கொண்டு வந்து, "பாவம், நீயே வச்சிக்கோக்கா" என்றாள். பாவமாம்! "எம் பேத்தி செஞ்ச ட்ரம்மு சாமி மாடத்துல இருக்குது. தள்ளி நில்லுடி, உன் மூச்சுக்காத்து பட்டா அதிரும்" என்றேன். கரண்டு என்றால் அவளுக்குப் பயம். கொண்டுவந்ததை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடிவிட்டாள். நானாகக் கேட்கவில்லை. இன்று குழாய் வந்தது, ட்ரம் ரொம்பிவிட்டது. நீ செய்த ட்ரம் தண்ணீர் பிடிக்காது என்று இனி எவளாவது சொல்லட்டும், பார்க்கிறேன்.