வடகரையில் மிதந்த கல்தூண்

காலை ஒன்பதே கால் மணி. வடகரையில், என் தங்கைக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில் நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது ஒரு மயிலை. மரமயில். தங்க வர்ணம் பூசிய பெரிய நாற்காலியின் சாய்மானத்தில் தோகை விரித்து நின்றது. ஒரு கண்ணில் நீலக் கண்ணாடிக் கல். மற்றக் கண் இருந்த இடத்தில் வெறும் குழி.

அதே மயிலைச் சனிக்கிழமை இரவு குற்றாலத்து நாடகக் கொட்டகையில் ஒரு ராஜாவின் தலைக்குப் பின்னால் பார்த்திருந்தேன். அங்கும் அதற்கு ஒரு கண்தான்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. மதுரையில் ஒரு பத்திரிகையில் உதவி நிருபர். (உதவி என்றால், பெரிய நிருபர் போகப் பிரியப்படாத இடங்களுக்குப் போகிறவன்.) அந்த வேலையில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது சந்தேகம் ஒன்றைத்தான். பால்காரர் கொண்டுவந்தது பால்தானா என்று இரண்டாவது சாட்சி கேட்கிற அளவுக்குத் தேறியிருந்தேன். இந்தத் தேர்ச்சியால் தங்கை கோமதிக்கு வந்த இரண்டு சம்பந்தங்கள் கலைந்திருந்தன. சுரண்டை மாப்பிள்ளையின் தலைமுடி அளவுக்கு மீறி அழகாக இருந்தது. சொந்த முடியா என்று இழுத்துப் பார்த்தேன். சொந்த முடிதான். வாசுதேவநல்லூர் விவகாரத்தை எழுத எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

தென்காசியிலிருந்து வண்டி கிளம்பும்போது கோமதி என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"அண்ணே, இவரை அருவிக்கரையில வச்சு அத்தை காட்டினா. எனக்குப் பிடிச்சிருக்கு. நீ போயி ஒண்ணும் கேக்காத. காப்பி குடுத்தாக் குடி. வந்துரு."

"கேக்கல."

"சத்தியமா?"

"சத்தியமா."

காப்பி வரும்வரை வாக்கைக் காப்பாற்றினேன்.

அந்த ஆனி மாதம் குற்றாலத்தில் சாரலோடு ஒரு நாடகக் கம்பெனியும் வந்திருந்தது. டாக்கி என்கிற பேசும்படம் வந்துவிட்டது, இனி வர்ணத் திரைக்கும் ஜிகினா கிரீடத்துக்கும் ஆயுசு இல்லை என்று நான் பத்திரிகைக்கு எழுதி அனுப்பியிருந்தேன். அதைச் சரிபார்க்கத்தான் சனிக்கிழமை போனேன். நிற்க இடமில்லை. இன்றைக்கு என்ன நாடகம் என்று யாரும் கேட்கவில்லை. "தர்பார் சீன் உண்டுமா?" என்றுதான் டிக்கெட் வாங்குமுன் கேட்டார்கள். திரை உயர்ந்தது. காஸ் லைட் வெளிச்சத்தில் கொடியும் பூவும் சிங்கமுகமும் சரவிளக்கும் மின்ன, கொட்டகை மொத்தமும் ஒரே வாயாக 'ஆ' என்றது. நான் வாயைத் திறக்கவில்லை. எங்கெங்கே ஜிகினா உதிர்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மயிலின் கண் அப்படித்தான் அகப்பட்டது.

இப்போது கூடத்தைச் சுற்றிப் பார்த்தேன். நாற்காலி மட்டும் இல்லை. பொன் சட்டம் போட்ட நிலைக்கண்ணாடி, அதன் மேல் சிறகு முளைத்த இரண்டு குழந்தைகள், சிவப்பும் பச்சையுமாகச் சரவிளக்கு, எல்லாம் சனிக்கிழமை ராஜாவின் சொத்து. விஷயம் விளங்கிவிட்டது. பெண் வீட்டாரை ஏமாற்ற நாடகச் சாமான்களை வாடகைக்கு எடுத்துப் பரப்பியிருக்கிறார்கள். உள்ளே நெல்லும் இருக்காது, தோப்பும் இருக்காது, கடன்தான் இருக்கும்.

கண்ணாடிச் சட்டத்தைத் தட்டிப் பார்த்தேன். கதவைத் தட்டினேன். சுவரைத் தட்டினேன். அந்தக் கூடத்தில் நான் தட்டாதது என் அத்தையை மட்டும்தான். அவள் மயில் நாற்காலியில் உட்கார்ந்து கைப்பிடிச் சிங்கத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளையின் தகப்பனார் செல்லையா அண்ணாச்சி கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவிடம் மெதுவாகக் கேட்டார்: "தம்பி கொத்து வேலையா?"

"பத்திரிகையில இருக்கான்" என்றார் அப்பா. என் பாதத்தை மிதித்துக்கொண்டே, "சும்மா இருலே" என்றார் என்னிடம். மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

"இந்த நாற்காலி எங்கன வாங்குனது, அண்ணாச்சி?" என்றேன். (மாமா என்று கூப்பிட்டால் சம்பந்தத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும்.)

"கொல்லத்துல ஆசாரிகிட்டச் சொல்லிச் செஞ்சது, தம்பி."

"சனிக்கிழமை ராத்திரி எங்கன இருந்துது?"

வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்த அவர் கை நின்றுவிட்டது. மகனைப் பார்த்தார். மாப்பிள்ளை குற்றாலலிங்கம் உத்தரத்தைப் பார்த்தார்.

"இங்கனதான் இருந்துது" என்றார் செல்லையா அண்ணாச்சி. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர் சொன்ன பொய்.

அது போதும். கை கழுவ வேண்டும் என்று எழுந்து பின்கட்டுக்கு நடந்தேன். வீட்டின் உண்மை பின்பக்கம்தான் இருக்கும் என்பது எங்கள் நிருபர் உலகத்தின் நம்பிக்கை. என் நடையின் வேகத்தைப் பார்த்துப் பெரியவர்களும் பின்னால் வந்தார்கள். அத்தை மட்டும் நாற்காலியை விட்டு மனமில்லாமல் கடைசியாக வந்தாள்.

பின்தாழ்வாரத்தில் வரிசையாகக் கருங்கல் தூண்கள். அவற்றை ஒட்டி, நெல் ஊறப்போட்ட பெரிய தொட்டி. (அவிப்பதற்கு முன் ஊறுகிற நெல்லின் வாசனை தெரியாதவர்கள் பாக்கியசாலிகள்.) கடைசித் தூணருகே நின்று எல்லாரையும் திரும்பிப் பார்த்தேன். இது பேச வேண்டிய இடம் என்று தோன்றியது.

"அப்பா, இந்த வீட்டுல இருக்குதது பூரா வாடகைச் சாமான். நாடகக் கொட்டகையில இருந்து வந்தது. இவங்களுக்குன்னு சொந்தமா இருக்குதது இந்தக் கருங்கல் தூணு ஒண்ணுதான்!"

சொல்லிவிட்டு, வக்கீல்கள் மேஜையில் சாய்வதுபோல அந்தத் தூணில் சாய்ந்தேன். அந்த வீட்டில் நான் தட்டிப் பார்க்காதது அது ஒன்றுதான். கருங்கல்லை யார் சந்தேகப்படுவார்?

தூண் போனது. கூடவே நானும் போனேன். தொட்டிக்குள் தூண் மிதந்தது. நான் முழுகினேன்.

தலையைத் தூக்கியபோது, "ஐயோ தூணு! தூணைப் பிடிங்கலே!" என்று செல்லையா அண்ணாச்சி அலறிக்கொண்டிருந்தார். வேலையாட்கள் இரண்டு பேர் தொட்டிக்குள் குதித்து, என்னைத் தாண்டிப் போய், அதைத் தூக்கிக் கரையேற்றினார்கள். மூங்கில் வரிச்சும் சாக்கும் காகிதக் கூழும் வைத்துச் செய்த தூண். மேலே கல் போலவே வர்ணம்.

"சாமி வாற தூண்லா இது!" என்று ஒரு குரல் பதறியது.

எல்லாரும் திரும்பினார்கள். பேசியது அப்பா.

செல்லையா அண்ணாச்சி முகத்தில் மெல்ல வெளிச்சம் வந்தது. "அண்ணாச்சி, நீங்க ஆட்டம் பாத்தாச்சா?"

"ஐந்தருவிக்குக் குளிக்கப் போனேன்... வாற வழியில..."

"ஐந்தருவிக்கு வழி கொட்டகைக்குள்ளயா போவுது?" என்றாள் அத்தை. "என்னைய ஒரு நாளு கூட்டிட்டுப் போனியா?"

உண்மை வெளிவந்தது. சாமான்கள் செல்லையா அண்ணாச்சியுடையவை. நாடகக் கம்பெனிதான் அவரிடம் இரவல் வாங்கியிருந்தது. பிரதியுபகாரமாக அவருக்கு முன்வரிசைப் பெஞ்சு. சாரலில் நமுத்துப்போகிற திரைகளும் தூண்களும் காய்வதற்கு அவர் வீட்டுக்கு வரும். நாங்கள் வருகிறோம் என்று நாற்காலியையும் மற்றவற்றையும் முந்தின நாள்தான் வண்டியில் திருப்பிக் கொண்டுவந்திருந்தார். தூணை மட்டும் மறைக்க இடமில்லாமல் கல்தூண்களின் வரிசையில் நிறுத்திவைத்தார். நாடகக்காரர் சகவாசம் உள்ள வீட்டில் கௌரவமானவர்கள் பெண் கொடுக்கமாட்டார்களே என்ற பயம். எங்கள் அப்பா அந்தக் கௌரவமானவர்களில் ஒருவர். மயிலை அவரும் அடையாளம் கண்டிருந்தார். அதனால்தான் என் காலை மிதித்தார்.

இரண்டு பெரியவர்களும் அங்கேயே நின்று எந்தத் திரை அழகு, நந்தவனமா தர்பாரா என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். நான் தொட்டியில்தான் இருந்தேன்.

மாப்பிள்ளை முதன்முறையாக வாயைத் திறந்தார். "நாளைக்கு ஆட்டத்துக்குத் தூண் வேணும்லா?"

செல்லையா அண்ணாச்சியின் முகம் மாறியது. "நாடகக் கம்பெனி வாத்தியாருக்கு வாக்குக் குடுத்திருக்கேன். ஒடைச்சவரு ஒட்டித் தரட்டும். நாளைக்கு மேடையில தூணு நிக்கட்டும். சம்பந்தத்தை அப்பறம் பேசுவோம், அண்ணாச்சி."

ஆக, கோமதியின் கல்யாணம் என் கையில் இருந்த புளியங்கொட்டைப் பசைச் சட்டியில் இருந்தது. நெல் அவிக்கிற அடுப்பின் அனலில் தூணைக் காயவைத்து, வெடிப்பு வெடிப்பாகத் துணி வைத்து ஒட்டினேன். மேலிருந்து அடிவரை ஒரு நீளப் பிளவு இருந்தது. அதை ஒட்டும்போது, சாமி இதற்குள்ளிருந்துதானே வரவேண்டும் என்ற யோசனை வராமல் இல்லை. ஆனால் நான் அதை நம்பவில்லை. (சனிக்கிழமை நான் பார்த்தது வேறு நாடகம்.) ஒரு தூணுக்குள் ஆள் நிற்பதாவது! பின்னால் ஒளிந்திருந்து எட்டிப் பார்ப்பான், ஜனங்கள் உள்ளிருந்து வந்ததாக நினைத்துக்கொள்வார்கள். என்னை ஏமாற்ற முடியாது. பிளவுக்கு மட்டும் இரண்டு பூச்சு அதிகம் போட்டேன்.

மறுநாள் கொட்டகையில் பெண்கள் பக்கத்திலிருந்து கோமதி எட்டிப் பார்த்துக் கேட்டாள்: "அண்ணே, ஒட்டு நிக்குமா?"

"யானை வந்து முட்டினாலும் பிரியாது."

நான் எழுதியும் பேசியும் வந்த எத்தனையோ செய்திகளில் இவ்வளவு துல்லியமானது வேறில்லை.

கடைசிக் காட்சி. ராஜா கோபத்தோடு வந்து தூணை உதைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. பின்பாட்டுக்காரர் உச்ச ஸ்தாயிக்குப் போய்க் காத்திருந்தார். ராஜா மறுபடி உதைத்தார். உள்ளேயிருந்து டம் டம் என்று சத்தம் வந்தது. பிறகு கொட்டகை முழுக்கக் கேட்கும்படி ஒரு குரல்:

"ஏலே, தெறக்கமாட்டக்குலே!"

செல்லையா அண்ணாச்சி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அப்பா என்னைப் பார்க்கவில்லை. கோமதி என்னை மட்டும்தான் பார்த்தாள்.

அப்போது தூண் நடந்தது. அடியில் இரண்டு கால்கள் தெரிய, கருங்கல் தூண் ஓரடி ஓரடியாக எடுத்துவைத்து ராஜாவைத் துரத்தியது. ராஜா நிஜமாகவே பயந்து ஓடினார். ஒரு கணம் கழித்துக் கொட்டகை 'ஆ' என்றது. கிழவிகள் எழுந்து கும்பிட்டார்கள். என் பக்கத்திலிருந்த தேங்காய் வியாபாரி, "இதுலே சீனு! டாக்கியில காட்டுவானா இதை?" என்று என் தொடையில் அறைந்தார்.

வாத்தியார் மேடையை விட்டிறங்கி நேராக முன்வரிசைக்கு வந்து செல்லையா அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த ஆட்டத்துக்கான நோட்டீசில் 'நடக்கும் தூண்' என்று பெரிய எழுத்தில் போட்டார்கள். சம்பந்தம் அந்தப் பெஞ்சிலேயே முடிவானது.

இன்றும் வடகரை வீட்டுக்கு நான் போனால், உட்காரப் போகிற நேரம் பார்த்து யாராவது ஒருவர் வந்து நாற்காலியை விரலால் தட்டிக் காட்டி, "கெட்டிதான் மாமா, உக்காருங்க" என்பார்.

கல்யாணம் ஆவணியில் நடந்தது. பெண்ணின் கையில் பொரியிட அண்ணன் மணமேடைக்கு வரவேண்டும் என்றார்கள். மணமேடையில் நாலு தூண் இருந்ததால், என் சித்தப்பா மகனைக் கூப்பிட்டார்கள்.