சுவரில் இனி இடமில்லை, மச்சான்

மதிப்பிற்குரிய மூத்த மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்கள் நல்ல உடல்நலத்துடன் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அதில்தான் இப்போது எனக்குச் சிக்கல். வருகிற சனிக்கிழமைக்குள் தங்களுக்கு உடம்பு முடியாமல் போக வேண்டும். பெரிதாக ஒன்றும் வேண்டாம், நான் விழுந்தடித்துக்கொண்டு ஓடி வருமளவுக்கு இருந்தால் போதும். போனில் சொன்னால் சிரித்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெரு இளைஞர் மன்றத்தில் தொண்டர்களுக்கு நன்றி விழா. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாள் வாசலில் சும்மா நின்றிருந்தவனை “அங்கிள், இந்த ஏணியைக் கொஞ்சம் புடிச்சுக்கோங்க” என்றார்கள். பிடித்தேன். அன்றிலிருந்து நானும் தொண்டன். தொண்டு செய்வதில் கஷ்டமில்லை, மச்சான். நன்றி சொல்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. மேடையில் ஏற்றி, மன்றத்தின் பெயர் போட்ட சுவர்க் கடிகாரத்தைக் கையில் திணித்துவிட்டுக் கைதட்டுவார்கள். “அடுத்த வருஷமும் வரேன்” என்று மைக்கில் சொல்லும்வரை கைதட்டலை நிறுத்த மாட்டார்கள், அங்கே அதுதான் வழக்கம். போன வருடம் எங்கள் தெருத் தையற்காரர் வாயைத் திறக்காமல் வீம்பாக நின்று பார்த்தார். கூட்டமும் விடவில்லை. கடைசியில் மனுஷன் கண் கலங்கி, தன் மனைவியும் வருவாள் என்று சேர்த்துச் சொல்லிவிட்டு இறங்கினார்.

இப்படி வாங்கிய கடிகாரங்கள் கூடம், சமையலறை, குளியலறை என்று எல்லா இடத்திலும் தொங்குகின்றன. ஒன்று காட்டும் நேரத்தை இன்னொன்று காட்டாது. கூடத்தில் சாப்பாட்டு நேரம் வந்துவிடும், சமையலறையில் இன்னும் விடிந்தே இருக்காது. தங்கள் தங்கை தீர்த்துச் சொல்லிவிட்டாள்: “இன்னொரு கடிகாரம் உள்ள வந்துச்சு, நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். செவுத்துல ஆணி அடிக்கக்கூட இடமில்ல.” வந்தால் சும்மா வரமாட்டாள், கடிகாரங்களையும் எடுத்துக்கொண்டுதான் வருவாள். யோசித்துக்கொள்ளுங்கள்.

வேலையைக் கெடுத்தால் நன்றி வராது என்று நானும் கணக்குப் போட்டேன். கால்பந்துப் போட்டிக்கு நடுவராகப் போட்டார்கள், பந்து இருக்கும் பக்கம் திரும்பியே பார்க்காமல் நினைத்தபோதெல்லாம் விசில் ஊதி, கடைசியில் ரெண்டு டீமும் ஜெயிச்சாச்சு என்று அறிவித்துவிட்டு வீட்டைப் பார்க்க நடந்தேன், ரெண்டு டீமும் துரத்தி வந்து என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றிவிட்டன. சரி, இது போதாது என்று மன்றம் நடத்திய முகாமில் கூடாரத்துக் கயிறுகளை வேண்டுமென்றே தொளதொளவென்று கட்டினேன். மன்றத் தலைவர் ஒரு பல் டாக்டர். அடுத்தவர் வாயைத் திறக்க வைத்தே பழகியவர், தன் வாயை மூடத் தெரியாதவர். அவர் பேச்சு சூடு பிடிக்கிற நேரம் கூடாரம் அப்படியே அவர் தலையில் இறங்கியது. பேச்சு நின்றது. முகாமே எழுந்து நின்று என்னைப் பார்த்து விசிலடித்தது, மச்சான்! முகாமுக்கு விளக்குப் போட வந்திருந்த எலக்ட்ரீசியன் ஓடி வந்து துணியைத் தூக்கித் தலைவரை வெளியே எடுத்துக்கொண்டிருக்க, மன்றத்துச் செயலாளர்ப் பெண் என் காதோரம் வந்து, “அங்கிள், இந்த வருஷம் பெரிய கடிகாரம் உங்களுக்குத்தான். பெண்டுலம் எல்லாம் இருக்கு, மணி அடிக்கும்” என்றாள். வீட்டுக்கு வந்ததும் பேனாவை எடுத்துவிட்டேன்.

ஆகவே சனிக்கிழமை காலை போன் செய்யுங்கள். அந்தப் பெண் காதில் விழும்படி ஸ்பீக்கரில் போடுவேன். போன வருடம் வெறுமனே இருமினீர்கள். “வெந்நீர் குடிக்கச் சொல்லுங்க அங்கிள்” என்று சொல்லி என்னைக் கையோடு மேடைக்கு இழுத்துப் போய்விட்டாள். இந்தத் தடவை முனகுங்கள். பின்னால் தங்கள் வீட்டு அக்காவைக் கொஞ்சம் அழச் சொல்லுங்கள்.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். தாங்கள், இந்தச் சனிக்கிழமை நீங்கலாக, நோய்நொடியில்லாமல் நூறாண்டு வாழ வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

அன்பு மாப்பிள்ளை.

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும் நேரத்தில் செயலாளர்ப் பெண் வந்தாள். “அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க. தலைவர் லிஸ்ட்ல இருந்து உங்க பேரை எடுத்துட்டாரு. பெரிய கடிகாரம் எலக்ட்ரீசியனுக்காம், அவரைக் காப்பாத்துனதுக்கு. உங்களுக்கு இனிமே ஓய்வுன்னு சொல்லச் சொன்னாரு” என்றாள். அநியாயத்தைப் பார்த்தீர்களா! நான் கூடாரத்தைச் சாய்க்காவிட்டால் அந்த ஆள் எதைத் தூக்கியிருப்பான்? ஒரு தடவை ஓய்வு பெற்றதே போதும், மச்சான், இன்னொரு தடவை என்னால் முடியாது. தங்கள் தங்கைக்கு என்னைவிடக் கோபம். “என் புருஷனுக்கு இல்லாத கடிகாரம் வேற எவனுக்கு?” என்று கூடத்துக் கடிகாரத்தை இறக்கிவிட்டு, அந்த இடத்தில் பெரிய ஆணியாக ஒன்று அடித்துவிட்டாள். எனவே தாங்கள் தயவுசெய்து படுத்துவிட வேண்டாம். நல்ல தெம்போடும் தொண்டையோடும் சனிக்கிழமையே வந்து சேருங்கள், தலைவரிடம் நியாயம் கேட்க வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் வெறும் ஆணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.